இருக்கும் கிருமியும் தொற்றும் கிருமியும்: வாசகர் கேள்வி-பதில்

நுண்ணுயிர்களின் தொற்றுத்திறனை விஞ்ஞானிகள் எப்படி அளக்கிறார்கள் என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன். கேள்விகள் வெவ்வேறானவை என்றாலும், ஒரு கிருமி ஓரிடத்தில் இருப்பதும் அது தொற்றக்கூடிய நிலையில் இருப்பதும் ஒன்றுதானா என்ற ஐயமே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

கேள்வி: காய்ச்சல் தீர்ந்து மூன்று வாரம் ஆன பிறகும் என் தந்தைக்கு எடுத்த பிசிஆர் பரிசோதனையில் கொரோனா ‘பாசிட்டிவ்’ என்றே வந்தது. மருத்துவரோ, “இனி இவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது” என்றார். கிருமி இருப்பதாகப் பரிசோதனை சொல்லும்போது, தொற்றாது என்று எப்படித் துணிந்து சொல்ல முடிகிறது?

பதில்: பிசிஆர் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை; வைரஸின் மரபுப் பொருளில் ஒரு சிறு துண்டைத் தேடி, அதைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது. அந்தத் துண்டு முழுமையான, செல்லுக்குள் நுழையக்கூடிய வைரஸிலிருந்து வந்ததா, அல்லது நோயெதிர்ப்பு ஆற்றல் சிதைத்துப் போட்ட மிச்சத்திலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. இடிந்த வீட்டின் செங்கல்லைக் கண்டெடுத்தவர், அந்த வீட்டில் இப்போது ஆள் குடியிருக்கிறாரா என்று சொல்ல முடியாது அல்லவா? அதைப் போன்றதுதான் இது.

தொற்றுத்திறனை அறிய வேண்டுமானால் வைரஸுக்கு உயிருள்ள செல்களைக் கொடுத்து, அவற்றில் அது பெருகுகிறதா என்று பார்ப்பதைத் தவிர நேர்வழி வேறில்லை. ஆய்வகத்தில் ஒரு தட்டின் அடிப்பரப்பில் செல்களை ஒரே அடுக்காகப் பாய் விரித்ததுபோல் வளர்க்கிறார்கள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட ‘வீரோ’ செல்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலிருந்தும் சிறிதளவை ஒவ்வொரு தட்டில் விட்டு, அதன்மேல் கூழ் போன்ற பொருளை ஊற்றி மூடிவிடுகிறார்கள். கூழ் மூடியிருப்பதால், ஒரு செல்லில் பிறக்கும் புதிய வைரஸ்கள் தொலைவுக்கு மிதந்து போக முடியாமல் அண்டை செல்களையே தாக்குகின்றன. சில நாள் கழித்துச் சாயமிட்டால், உயிரோடிருக்கும் செல்கள் நிறம் பிடித்துக்கொள்ள, செல்கள் மடிந்த இடங்கள் மட்டும் தெளிந்த வட்டங்களாகக் கண்ணுக்கே தெரிகின்றன. ஆய்வகங்களில் இவற்றைப் ‘பிளாக்’ என்பார்கள். ஒரு லட்சம் மடங்கு நீர்த்த மாதிரியில் 0.1 மில்லிலிட்டர் விட்ட தட்டில் 40 வட்டங்கள் தெரிந்தால், மூல மாதிரியின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் தொற்றக்கூடிய வைரஸ் அலகுகள் 4 கோடி இருந்தன என்று கணக்கிடலாம்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு இவ்வகை வட்டங்களை ஃபெலிக்ஸ் டெரெல் 1917இலேயே கண்டார். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களுக்கு இதைச் சாத்தியமாக்கியவர் ரெனாட்டோ டல்பெக்கோ, ஆண்டு 1952. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் வட்டங்களின் எண்ணிக்கையை வைத்து நடத்திய தர்க்கம். ஒரு செல்லைத் தாக்க இரண்டு வைரஸ்கள் ஒன்றுசேர வேண்டியிருக்குமானால், மாதிரியைப் பாதியாக நீர்த்தால் வட்டங்கள் கால்வாசியாகக் குறைய வேண்டும். ஆனால் பாதியாக நீர்த்தபோது வட்டங்களும் பாதியாகவே குறைந்தன. ஆகவே ஒரு வட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரே ஒரு வைரஸ் போதும். நுண்ணோக்கியில் வைரஸைப் பார்க்காமலே, வெறும் எண்ணிக்கையைக் கொண்டு இவ்வளவு உறுதியான முடிவுக்கு வர முடிந்தது.

ஒன்று போதும் என்பதற்கு, ஒவ்வொன்றும் வெற்றி பெறும் என்று பொருளில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிய வைரஸ் துகள்களையும் தட்டில் எண்ணிய வட்டங்களையும் ஒப்பிட்டால், போலியோ வைரஸில் முப்பது முதல் ஆயிரம் துகள்களுக்கு ஒன்றுதான் வட்டம் உண்டாக்குகிறது. மற்றவற்றில் சில பழுதான மரபுப் பொருளோடு பிறந்தவை. சில செல்லோடு ஒட்டாமலே போனவை. சில உள்ளே நுழைந்தும் செல்லின் தற்காப்பில் சிக்கியவை.

எல்லா வைரஸ்களும் தெளிவான வட்டங்களை உண்டாக்குவதில்லை. அவற்றுக்கு வேறொரு வழி உண்டு. நீர்த்த மாதிரியைப் பல சிறு குழிகளில் வளரும் செல்களில் விட்டு, சரிபாதிக் குழிகளில் தொற்று ஏற்படும் நீர்ப்பு அளவு எது என்று கண்டுபிடிக்கிறார்கள். இந்தப் பாதிக் கணக்கை எளிதாகப் போடும் முறையை ரீடு, மியூஞ்ச் என்ற இருவர் 1938இல் வகுத்தார்கள். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

இனி உங்கள் தந்தையின் விஷயத்துக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒன்பது நோயாளிகளின் மாதிரிகளை நாள்தோறும் எடுத்து, பிசிஆர் பரிசோதனையையும் செல் வளர்ப்பையும் சேர்த்தே செய்து பார்த்தார்கள். அறிகுறி தோன்றி எட்டு நாள் கடந்த பிறகு எடுத்த மாதிரிகளில் மரபுப் பொருள் நிறையவே இருந்தும், செல்களில் பெருகக்கூடிய வைரஸ் ஒன்றையும் அவர்களால் வளர்த்தெடுக்க முடியவில்லை. நோய் எதிர்ப்பு குன்றியவர்களிடம் இந்தக் காலம் நீளக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவரின் துணிவுக்கு அடிப்படை இத்தகைய ஆய்வுகள்தாம்.

கேள்வி: பாக்டீரியாவுக்கும் இதே முறைதானா? பெட்ரி தட்டில் வளர்ந்தால் தொற்றும், வளராவிட்டால் தொற்றாது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. இரண்டு பக்கமும் தவறு நேரும்.

பாக்டீரியாவில் பெரும்பாலானவை தாமாகவே பெருகக்கூடியவை. செல்களுக்குப் பதில் அகார் என்ற கடற்பாசிக் கூழ் கலந்த ஊட்டத்தைக் கொடுத்தாலே போதும். ஜெர்மன் பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் அகாரைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைத் தந்தவர், அங்கு பணியாற்றிய ஒருவரின் மனைவியான ஃபேனி ஹெஸ். அதற்கு முன் பயன்பட்ட ஜெலட்டின் கூழ்மம் சூட்டில் உருகி வழியும் தொல்லை அதனால் தீர்ந்தது. மூடியுள்ள கண்ணாடித் தட்டை 1887இல் பெட்ரி அறிமுகம் செய்தார். தட்டில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாக்டீரியத்தின், அல்லது ஒட்டிக்கிடந்த சிறு கூட்டத்தின், வம்சம்.

ஆனால் தட்டில் செழித்து வளரும் பாக்டீரியா உடலுக்குள் நுழையத் தெரியாததாக இருக்கலாம். அதை அறிய, மனிதச் செல்களோடு பாக்டீரியாவைச் சேர்த்துச் சிறிது நேரம் விட்டு, பின்பு ஜென்டாமைசின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். இந்த மருந்து செல்லுக்குள் எளிதில் புகாது; ஆகவே வெளியே நிற்கும் பாக்டீரியா எல்லாம் மடிய, உள்ளே புகுந்துவிட்டவை மட்டும் தப்புகின்றன. மருந்தைக் கழுவிவிட்டு, செல்களை உடைத்து, உள்ளிருந்தவற்றை அகாரில் வளர்த்து எண்ணினால், எத்தனை பாக்டீரியா செல்லுக்குள் நுழைந்தன என்பது தெரிந்துவிடும். மருந்தின் குறைபாட்டையே அளவுகோலாக மாற்றிய இந்த முறையின் எளிமை வியப்புக்குரியது.

மறுபக்கம், தட்டில் வளர மறுப்பவை எல்லாம் தீங்கற்றவையும் அல்ல. காலரா பாக்டீரியா, சூழல் நெருக்கும்போது உயிரோடிருந்தும் தட்டில் வளராத ஓர் உறங்குநிலைக்குப் போவதை ரீட்டா கோல்வெல்லும் அவருடைய குழுவினரும் 1982இல் காட்டினார்கள். தொழுநோய்க் கிருமியை இன்றுவரை எந்தச் செயற்கை ஊட்டத்திலும் வளர்க்க முடியவில்லை. அது உடலின் குளிர்ச்சியான பகுதிகளை நாடுவது. எனவே சார்லஸ் ஷெப்பர்டு 1960இல் சுண்டெலியின் பாதத்தில் அதைச் செலுத்திப் பார்த்து, அங்கே பெருகுவதைக் கண்டார். ஒருமுறை இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் கிருமி அது. அதில் ஒரு சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்பு 1971இல், உடல் வெப்பம் குறைந்த அர்மடில்லோ என்ற விலங்கில் அது ஏராளமாக வளர்வது தெரியவந்தது.

காசநோயைப் பற்றிய ஓர் ஆய்வை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. காசநோய் காற்றில் பரவுகிறதா என்பது 1950களிலும் தீராத விவாதமாக இருந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், காசநோயாளிகள் இருந்த அறைகளின் காற்று முழுவதையும் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுபோய், அங்கே வைத்திருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்கச் செய்தார்கள் வில்லியம் வெல்ஸும் ரிச்சர்டு ரைலியும். இன்னொரு கூடத்துப் பன்றிகளுக்கு அதே காற்றைப் புறஊதா ஒளியில் காட்டிய பிறகே அனுப்பினார்கள். முதல் கூடத்தில் மாதந்தோறும் சில பன்றிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. இரண்டாம் கூடத்தில் ஒன்றுக்குக்கூட ஏற்படவில்லை. கிருமி வகைகளை ஒப்பிட்டு, எந்தப் பன்றிக்கு எந்த நோயாளியிடமிருந்து தொற்றியது என்றும் கண்டார்கள். பெரும்பாலான தொற்றுகள் மிகச் சில நோயாளிகளிடமிருந்தே வந்திருந்தன. மருந்து தொடங்கியவர்களிடமிருந்து வந்தவை வெகு குறைவு. சளியில் கிருமியை எண்ணுவதால் மட்டும் இந்த உண்மைகள் கிடைத்திருக்காது.

கேள்வி: எத்தனை கிருமிகள் உள்ளே போனால் நோய் வரும்? அதை யாரிடம் சோதித்துப் பார்த்தார்கள்?

பதில்: மனிதர்களிடம்தான் சோதித்தார்கள், சில சமயம் வருந்தத்தக்க முறையில்.

1892இல் மியூனிக் நகரத்து முதிய அறிஞர் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், காலராவுக்குக் கிருமி மட்டுமே காரணமாக முடியாது என்று நிறுவ, காலரா பாக்டீரியா வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்தார். அவருக்கு இலேசான வயிற்றுப்போக்கு வந்ததோடு சரி. ஒரே ஓர் ஆள் ஒரே ஒரு முறை குடித்ததிலிருந்து எதையும் நிறுவ முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. தொற்றும் அளவு என்பது ஓர் எல்லைக்கோடு போன்றதன்று. அளவு கூடக் கூட, தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும் ஒரு வளைகோடு அது. ஆகவே பலருக்குப் பல அளவுகளில் கொடுத்து, பாதிப் பேருக்குத் தொற்றும் அளவு எது என்று கணக்கிடுகிறார்கள்.

டைஃபாய்டு பற்றி அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த ஆய்வுகளை 1970இல் வெளியிட்டார்கள். ஆயிரம் பாக்டீரியா விழுங்கியவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஒரு லட்சம் விழுங்கியவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கும், ஒரு கோடி விழுங்கியவர்களில் பாதிப் பேருக்கும், நூறு கோடி விழுங்கியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கும் நோய் வந்தது. இதற்கு நேர்மாறாக, சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவில் சில பத்துகளே போதும். காலராவில் வயிற்று அமிலத்தின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. வெறும் நீரில் கொடுத்தபோது பல கோடிக் கணக்கில் தேவைப்பட்ட பாக்டீரியா, அமிலத்தைத் தணிக்கும் சோடா உப்போடு கொடுத்தபோது பத்து லட்சம் இருந்தாலே நோயை உண்டாக்கியது. தொற்றுத்திறன் கிருமியிடம் மட்டும் இருக்கும் ஒரு குணம் அன்று என்று நான் சொல்வது இதனால்தான். அது கிருமியும், அது நுழையும் வழியும், ஏற்கும் உடலும் கூடித் தீர்மானிப்பது.

அந்த டைஃபாய்டு ஆய்வுகளிலும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியில் பத்து சிஸ்டுகளே (ஓடு மூடிய உறங்குநிலைகள்) தொற்றப் போதுமானவை என்று காட்டிய 1954ஆம் ஆண்டு ஆய்விலும் பங்கேற்றவர்கள் சிறைக் கைதிகள். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் பூட்டிய கதவுக்குள் இருப்பவர் சொல்லும் ‘சரி’ எவ்வளவு சுதந்திரமானது? அந்த எண்களை நாம் இன்றும் பயன்படுத்துகிறோம். அவை எப்படிக் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

இன்றைய ஆய்வுகள் நெறிக்குழுவின் ஒப்புதலோடும், பங்கேற்பவர்களின் முழு விவரமறிந்த சம்மதத்தோடும் நடக்கின்றன. 2021இல் பிரிட்டனில் 36 இளம் தன்னார்வலர்களின் மூக்கில் மிகச் சிறிய அளவு கொரோனா வைரஸை விட்டுக் கவனித்தார்கள். கணக்கில் கொண்ட 34 பேரில் 18 பேருக்குத் தொற்றியது. யாருக்கும் நோய் கடுமையாகவில்லை. ஒரே அளவு பெற்றும் ஏறக்குறைய பாதிப் பேர் ஏன் தப்பினார்கள் என்ற கேள்வியே அந்த ஆய்வில் கிடைத்த விடைகளுக்கு நிகராக மதிப்புள்ளது.

கேள்வி: தொற்றுத்திறன், பரவும் வேகம், நோயின் கடுமை மூன்றும் ஒன்றா?

பதில்: இல்லை. உடலில் நுழைந்து பெருகும் ஆற்றல் தொற்றுத்திறன். ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் போகிறது என்பது பரவுதிறன்; அதில் இருமல், நெருக்கம், காற்றோட்டம், தடுப்பூசி எல்லாம் சேரும். தட்டம்மையில், எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்று வழக்கமாகச் சொல்வது இந்த இரண்டாவது அளவு. கடுமை என்பது தொற்றிய பின் நேரும் சேதம். எளிதில் தொற்றும் சளி வைரஸ் கொல்வது அரிது. எளிதில் தொற்றாத ரேபிஸ், அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லோரையும் கொல்கிறது.

கேள்வி: மலேரியா போன்ற ஒட்டுண்ணிகளுக்குக் கொசு நடுவில் இருக்கிறதே, அதில் தொற்றுத்திறனை எப்படி அளப்பார்கள்?

பதில்: அங்கே தொற்றுத்திறன் இரண்டு: மனிதரிடமிருந்து கொசுவுக்கு, கொசுவிடமிருந்து மனிதருக்கு. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நோயாளியின் இரத்தத்தில் உள்ள மலேரியா ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவற்றால் கொசுவைத் தொற்ற முடியாது. காய்ச்சலை உண்டாக்கும் நிலைகள் கொசுவின் வயிற்றில் செரித்துப்போகும். கேமிட்டோசைட் என்ற ஆண், பெண் நிலைகள் மட்டுமே அங்கே பிழைத்து இணையும். ஆகவே இரத்தத்தில் ஒட்டுண்ணி மிகுந்தவர் கொசுவுக்குக் கொடுக்காமலும், காய்ச்சலே இல்லாமல் நடமாடுபவர் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். ஆண் நிலை கொசுவின் வயிற்றில் சில நிமிடங்களில் சாட்டை போன்ற இழைகளை வீசிச் சுழற்றும். அல்ஃபோன்ஸ் லாவரான் 1880இல் அல்ஜீரியாவில் நுண்ணோக்கியில் கண்டு, இது உயிருள்ள ஒட்டுண்ணிதான் என்று தெளிந்தது இந்த அசைவைப் பார்த்துத்தான். இன்று கேமிட்டோசைட்டுகள் முதிர்ந்திருக்கின்றனவா என்று அறிய அதே அசைவை ஆய்வகத்தில் எண்ணுகிறார்கள்.

அடுத்த படி, கொசுவுக்கே ஊட்டிப் பார்ப்பது. இளஞ்சூட்டு நீர் சுற்றி ஓடும் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இரத்தத்தை விட்டு, அடியில் மெல்லிய சவ்வைக் கட்டி வைத்தால், ஆய்வகத்தில் முட்டையிலிருந்து வளர்த்த கொசுக்கள் அதைத் தோல் என்று எண்ணிக் குத்திக் குடிக்கின்றன. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு கொசுவின் குடலையும் நுண்ணோக்கியின் கீழ் பிரித்து, குடல் சுவரில் தோன்றியுள்ள ஓசிஸ்ட் என்ற கொப்புளங்களை எண்ணுகிறார்கள். ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கண்டது இவற்றைத்தான். மேலும் ஒரு வாரம் ஆனால், உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்ந்த, கடியோடு மனிதருக்குள் செல்லும் நிலையான ஸ்போரோசோயிட்டுகளையும் எண்ணலாம். அவை மனிதரைத் தொற்றுமா என்பதை, வளர்த்த கல்லீரல் செல்களில் விட்டுப் பார்க்கலாம். தடுப்பூசி ஆய்வுகளில், உடனே மருந்து தரும் ஏற்பாட்டோடு, தன்னார்வலர்களை ஐந்து கொசுக்கள் கடிக்கும்படி விடுவதும் உண்டு.

மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடிய வகையைத் தொடர்ந்து வளர்க்கும் முறையை டிரேகரும் ஜென்சனும் 1976இல் கண்டார்கள். ஆனால் விவாக்ஸ் என்ற வகையை இன்றும் அப்படித் தொடர்ந்து வளர்க்க இயலவில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த புது இரத்தத்தைக் கொண்டே அதை ஆராய வேண்டியிருக்கிறது.

கேள்வி: விலங்குகளைத் துன்புறுத்தாமல் இதையெல்லாம் செய்ய முடியாதா?

பதில்: ஓரளவு முடிகிறது. ஆபத்தான வைரஸின் வெளிப்புரதத்தை மட்டும், பெருக முடியாத வேறொரு வைரஸ் கூட்டின்மேல் போர்த்தி, அது செல்லுக்குள் நுழைந்தால் ஒளிரும்படி செய்கிறார்கள். ஒளியை அளந்தால் நுழையும் திறன் தெரியும். நோரோவைரஸ் பல பத்தாண்டுகளாக எந்தச் செல் வளர்ப்பிலும் வளராமல் இருந்தது. மனிதக் குடலின் குருத்துச் செல்களிலிருந்து வளர்த்த சிறு குடல் திசுக்களில், சில வகைகளுக்குப் பித்தநீரையும் சேர்த்து, 2016இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் காய்ச்சல், இருமல், எதிர்ப்பாற்றல் எல்லாம் சேர்ந்த முழு உடலின் இடத்தை இத்தகைய திசு இன்னும் நிரப்பவில்லை.

கேள்வி: குடிநீரில் ஒட்டுண்ணியின் சிஸ்ட் கிடைத்தால், அது உயிருள்ளதா செத்ததா என்று பார்த்தால் போதாதா?

பதில்: போதாது என்பதை கிரிப்டோஸ்போரிடியம் கற்றுக்கொடுத்தது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியே ஏறக்குறைய நான்கு லட்சம் பேரை நோயில் தள்ளிய ஒட்டுண்ணி இது. இதன் ஓசிஸ்ட் (மேலே கொசுவில் கண்ட கொப்புளம் அன்று; இங்கே ஓடு மூடிய சிஸ்டின் பெயர்) குளோரினுக்கு அசையாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், பாதிப் பேரைத் தொற்றும் அளவு 132 ஓசிஸ்டுகள் என்று தெரிந்தது. ஓசிஸ்ட் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, இறந்தவற்றுக்குள் மட்டும் புகும் சாயத்தைப் பயன்படுத்துவார்கள். அல்லது குடலுக்குள் இருப்பதுபோன்ற சூட்டையும் பித்த உப்பையும் கொடுத்து, ஓடு திறந்து உள்ளிருப்பது வெளிவருகிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த இரண்டு முறைகளையும் நம்பி, புறஊதா ஒளி இந்த ஒட்டுண்ணியை அவ்வளவாகப் பாதிக்காது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஒளிபட்ட பிறகும் ஓசிஸ்டுகள் சாயத்தை உள்ளே விடவில்லை. ஓடும் ஒழுங்காகத் திறந்தது. 1990களின் இறுதியில் அவற்றைச் சுண்டெலிக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான், மிகக் குறைந்த ஒளியிலேயே அவை தொற்றும் ஆற்றலை இழந்துவிட்டிருந்தது தெரிந்தது. ஒளி அவற்றின் மரபுப் பொருளைச் சேதப்படுத்தியிருந்ததால், ஓட்டைத் திறந்து வெளியே வந்தும் அவற்றால் பெருக முடியவில்லை. அதன் பிறகே குடிநீர் நிலையங்கள் பல, இந்த ஒட்டுண்ணிக்கு எதிராகப் புறஊதா விளக்குகளைப் பொருத்தத் தொடங்கின.